பார்த்தாலே தெரியுமா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், புதுமடம்)



"பையன் கதவைத் தொறந்து உள்ள வர்றப்பவே எனக்குத் தெரிஞ்சிடும் சார். இருபது வருஷமா ஆள் எடுக்குறேன்ல..."

நம் பாலிடெக்னிக்குக் கேம்பஸ் இன்டர்வியூ நடத்த வந்த ஒரு கம்பெனி மேலாளர், நம் ஆசிரியர் ஒருவரிடம் டீ குடித்தபடியே சொன்ன வார்த்தைகள் இவை. அந்த டீயைக் கொண்டுபோய் வைத்தவன் நான். பேரவை சார்பில் காலையில் தொண்டன், மதியம் விண்ணப்பதாரன்! ஆகையால் இந்தப் பொன்மொழி இலவசமாக என் காதில் விழுந்தது. (கம்பெனியின் பெயர் வேண்டாம். போட்ட பிஸ்கட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு.)

அன்று காலை செமினார் ஹால் வாசலில் நின்ற வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அண்ணன் சட்டை, மச்சான் ஷூ, பக்கத்து வீட்டு பெல்ட். ஒரே ஒரு கழுத்துப்பட்டை நாலு கழுத்து மாறியது. என் நண்பனும் அந்த வரிசையில் இருந்தான். அவன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். மெக்கானிக்கல் பிரிவில் யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் அவன் ராவிய துண்டின் மேல் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடையில் ஒரு நூல் வெளிச்சம்கூட வராது. என் துண்டில் ஜன்னல் வைத்த மாதிரி வெளிச்சம் வரும்.

உள்ளே போனவன் மூன்று நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான்.

"என்னடா கேட்டாங்க?"

"எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, இங்கிலீஷ்ல உன்னப் பத்திச் சொல்லு... அவ்வளவுதான்."

"லேத்தப் பத்திக் கேக்கலயா?"

"இல்ல."

மதியம் நான் போனேன். என்னிடமும் அதே கேள்விகள்தான். ஆனால் நான் பட்டிமன்ற மேடை ஏறியவன். வணக்கம் வைக்கத் தெரியும், கண்ணைப் பார்த்துப் பேசத் தெரியும், தெரியாததையும் தெரிந்த முகத்தோடு சொல்லத் தெரியும். மேலாளர் சிரித்தார். கை கொடுத்தார். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் வாப்பா வல்லத்தில் தொழிலுக்குப் போகிறவர். வேலை கிடைத்த செய்தியைப் போனில் சொன்னதும் உம்மா அழுதுவிட்டார்கள். வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பயலுக்குக் கெடைக்கலயா? ரெண்டு பேருல அவன்ல வேலைக்காரன்!"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனால் வாப்பா சொன்னது தப்பில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பன் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது வல்லத்தின் இன்ஜின் கிளம்பாமல் படுத்துக்கொண்டது. சுற்றிச் சுற்றி ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அவன் ஒரு தடவை சுற்றிப் பார்த்தான், சத்தத்தைக் கேட்டான், "டீசல் லைன்ல காத்து ஏறியிருக்கு" என்றான். நட்டைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை பம்ப் அடித்து, திரும்ப முறுக்கினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வாப்பாவைப் பொறுத்தவரை இன்டர்வியூ அன்றைக்கே கடற்கரையில் முடிந்துவிட்டது.

நான் கேட்க வரும் கேள்வி இதுதான். மேலாளருக்கும் "பார்த்தாலே தெரிஞ்சிடும்". என் நண்பனுக்கும் இன்ஜின் சத்தம் "கேட்டாலே தெரிஞ்சிடும்". இரண்டும் உள்ளுணர்வுதான். ஒன்றை நம்புகிறேன், மற்றொன்றை ஏன் நம்ப மறுக்கிறேன்? எனக்கு வேண்டியவன் என்பதாலா?

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்ட காரணத்தைச் சொல்கிறேன். இன்ஜின் உடனே பதில் சொல்லிவிடுகிறது. அவன் சொன்னது தப்பென்றால் அது கிளம்பாது, அவ்வளவுதான். ஆயிரம் தடவை தப்பாகி, ஆயிரம் தடவை திருத்தி வந்ததுதான் அந்தக் காது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கச்சான் காற்று திரும்பப் போவதை மூக்கால் சொல்வார்கள். அவர்களுக்கும் கடல்தான் வாத்தியார். காலையில் சொன்ன ஜோசியம் சரியா தப்பா என்று சாயங்காலத்துக்குள் மார்க் போட்டுவிடும். ஆனால் ஆள் எடுக்கிறவருக்கு யார் மார்க் போடுகிறார்கள்? அவர் தேர்ந்தெடுத்தவன் நன்றாக வேலை செய்தால் "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்கிறார். தள்ளிவிட்டவன் எங்கே போனான், என்ன ஆனான் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. இருபது வருஷ அனுபவம் என்றால் இருபது வருஷமாகப் பாதி விடைத்தாள் திருத்தப்படாத அனுபவம்!

தள்ளிவிடப்பட்டவர்கள் திரும்பி வந்து பதில் சொன்ன ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 1979-ல் ஹூஸ்டன் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நேர்முகத் தேர்வு வைத்து 150 மாணவர்களைச் சேர்த்தது. அதற்குப் பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. நல்ல மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். எனவே இன்டர்வியூவில் கடைசியில் தள்ளிவைத்தவர்களைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். பின்னர் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படிப்பிலும் சரி, டாக்டராகி முதல் ஆண்டு பயிற்சியிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசமே இல்லை! அரசு உத்தரவு வந்திராவிட்டால் அந்த ஐம்பது பேரும் "பார்த்தாலே தெரியுது, தேற மாட்டான்" என்ற கணக்கிலேயே போயிருப்பார்கள்.

ஹூஸ்டன் வரை எதற்கு? நம் ராமேஸ்வரத்துக்கே வருவோம்.

ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்துவிட்டு, 1958-ல் விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். வந்தவர்கள் 25 பேர். எடுத்தவர்கள் 8 பேர். கலாம் ஒன்பதாவது! அறிவைக் காட்டிலும் ஆளின் தோற்றத்துக்கும் பேச்சுக்கும்தான் அங்கே எடை அதிகம் என்று தோன்றியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மனம் உடைந்து ரிஷிகேஷ் வரை போன கதையும் அதில் இருக்கிறது.

தேர்வுக் குழுவைக் குறை சொல்ல நான் வரவில்லை. எட்டு இடம்தான் இருந்தால் ஒன்பதாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இன்டர்வியூ. சில ஆண்டுகள் கழித்துப் பெங்களூரில் கலாம் 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்டைச் செய்துகொண்டிருந்தார். காற்று மெத்தை மேல் மிதந்து போகும் வண்டி. அதைப் பார்க்க ஒருநாள் பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் வந்தார். நுணுக்கமாகக் கேள்விகள் கேட்டார். பிறகு, "என்னை இதில் ஏற்றிச் செல்ல முடியுமா?" என்றார். கலாமே ஓட்டினார். பத்து நிமிஷ சவாரி. ஒரு வாரத்தில் பம்பாயிலிருந்து விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் விக்ரம் சாராபாயும் ஒருவர், அதே மேனனும் ஒருவர்.

சாராபாய் பாடக் கேள்வி கேட்டு மடக்கவில்லையாம். இந்த இளைஞனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி பேசினாராம். அதுவும் உள்ளுணர்வுதான் என்று நீங்கள் சொல்லலாம். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஏற்கெனவே அந்த வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தவர் அல்லவா! மறுநாள் மாலையே தேர்வானது தெரிந்துவிட்டது. டேராடூனில் ஒன்பதாவதாக நின்றவர், குடியரசுத் தலைவராக, 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்தபோது அவருக்கு வயது 74. பேக்கரும்பில் அவருடைய நினைவிடத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ராக்கெட் இல்லை. மேனன் கேட்ட அந்தச் சவாரிதான்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பார்கள். தெரியட்டும். கையின் அழகு முகத்தில் தெரியுமா? "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். அது ஒரே உலையில், ஒரே தண்ணீரில் வெந்த அரிசிக்குச் சொன்னது. நாம் அப்படியா வந்திருக்கிறோம்? ஒருவன் கான்வென்டிலிருந்து, ஒருவன் கடற்கரையிலிருந்து, ஒருவன் காலையில் பால் ஊற்றிவிட்டு பஸ் ஏறி வருகிறவன்.

இங்கேதான் எனக்கு உண்மையான பயம். "மனசுக்குப் பட்டது" என்று மேலாளர் சொல்வது பெரும்பாலும் "என்னை மாதிரி இருக்கிறான்" என்பதுதானோ? அவர் படித்த மாதிரி பள்ளியில் படித்தவன், அவர் மகன் மாதிரி பேசுகிறவன் உள்ளே வந்தால் மனசு தானாகச் சரி சொல்கிறது. மனசு என்ன வானத்திலிருந்தா இறங்கியது? நம் வீட்டிலும் தெருவிலும் வளர்ந்ததுதானே. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு அந்த மனசில் மாதிரி கிடையாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, நாட்டின் உச்ச நீதிமன்றமே 1980-ல் சொல்லியிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத் தேர்வுக்கு 50 என்று மதிப்பெண் வைத்திருந்தார்கள். அஜய் ஹாசியா என்ற மாணவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான், கேட்டதும் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான் என்று புகார். (எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத் தேர்வுக்கு வைப்பது நியாயமற்றது, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பேசுவதை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றது நீதிமன்றம். நம் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வில் 75 மதிப்பெண் வைத்திருந்ததும் அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம்வரை போய்க் கண்டனம் வாங்கியிருக்கிறது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. நாம் எழுதும் ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கும் அப்படித்தான். என் நண்பன் இப்போது அதற்குத்தான் படிக்கிறான். அங்கே அவனுடைய ஊரையும் அப்பாவையும் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. ஆனால் அந்தப் பரீட்சையும் அவன் கையைப் பார்க்காது. நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும், அவ்வளவுதான்.

சரி, இன்டர்வியூவே கூடாதா? அப்படிச் சொன்னால் அதுவும் அவசரம். இஸ்ரேல் ராணுவத்தில் 1955-ல் நடந்த கதை ஒன்றைப் படித்தேன். டேனியல் கானமன் என்ற 21 வயது லெப்டினன்ட்டிடம், படைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவைச் சீர்திருத்தும் வேலை வந்தது. கால் மணி நேரம் பேசி "ஆள் எப்படி" என்று மனசில் பட்டதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அது கிட்டத்தட்ட உபயோகமே இல்லை என்று தெரிந்துபோயிருந்தது. கானமன் ஆறு குணங்களைப் பட்டியல் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததைக் கேட்க வேண்டும்: எத்தனை வேலை பார்த்தாய், நேரத்துக்குப் போனாயா, நண்பர்களோடு எவ்வளவு பழகுவாய் என்று. ஒன்றுக்கு மார்க் போட்டபிறகுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். இன்டர்வியூ எடுத்தவர்களுக்குக் கோபம். "எங்களை ரோபோ ஆக்கப் பார்க்கிறாயா?" என்றார்கள். அவர் ஒரு சமாதானத்துக்கு வந்தார். ஆறு மார்க்கையும் போட்டு முடித்தபிறகு, கண்ணை மூடி, இவனைச் சிப்பாயாக நினைத்துப் பார்த்து, மனசுக்குப் பட்ட மார்க்கையும் போடுங்கள் என்றார்.

சில மாதம் கழித்துப் பார்த்தால் ஆறு மார்க்கின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகப் பொருந்தியது. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் அதே அளவுக்குச் சரியாக இருந்தது! அதே மனசுதான். முதலில் பேசவிட்டால் உளறியது, விவரத்தைச் சேர்த்தபிறகு பேசவிட்டால் நல்ல வார்த்தை சொன்னது. இந்தக் கானமனுக்குத்தான் 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2024-ல் காலமானார்.

வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்: தெரிந்துதெளிதல். பத்துக் குறளையும் விடுங்கள், தலைப்பைப் பாருங்கள். முதலில் தெரிதல், அப்புறம்தான் தெளிதல். நம் மேலாளர் கதவு திறந்ததுமே தெளிந்துவிட்டார். மீதி மூன்று நிமிஷமும் தெரிந்துகொள்வது மாதிரி நடித்தார்.

வாப்பா வல்லத்துக்குப் புது ஆள் வந்தால் என்ன செய்வார் தெரியுமா? கரையில் ஒன்றும் கேட்க மாட்டார். நாலு நாள் கூட்டிப் போவார். வாந்தி எடுத்தபிறகும் எழுந்து வலையைப் பிடிக்கிறானா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் பங்கு பேசுவார். "கரையில நின்னா எல்லாரும் சம்மாட்டிதான்டா" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. வளைகுடாவுக்கு வெல்டராகப் போன என் மாமா படித்தது ஐந்தாம் வகுப்பு. சென்னையில் ட்ரேட் டெஸ்ட் வைத்தார்கள். குழாயை 45 டிகிரி சாய்வில் ஆடாமல் கட்டிவைத்து, சுற்றிலும் பற்றவைக்கச் சொல்வார்களாம். 6ஜி என்று பெயர். வெல்டை எக்ஸ்ரே எடுப்பார்கள், இல்லையென்றால் அறுத்து வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாமாவின் வாப்பா என்ன தொழில் செய்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

"கம்பெனிக்காரங்களுக்கு நேரம் எங்கடா இருக்கு?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் இருபது பேருக்கு ஒரு மணி நேரம். நம் ஃபிட்டிங் ஷாப்பில் இருபது வைஸ் இருக்கிறது. இருபது பேரையும் ஒன்றாக நிற்கவைத்து அரை மணி நேரம் ராவச் சொன்னால் போதும், மீதி அரை மணியில் துண்டுகளை ஸ்கொயர் வைத்துப் பார்த்துவிடலாம். "சூப்பர்வைசர் ஆகணும்னா பேசவும் தெரியணும்ல?" என்றான் இன்னொருவன். நியாயம்தான். அதையும் பார்க்கட்டும். ஒரு முதலாண்டு மாணவனை நிறுத்தி, லேத்தில் டூலை எப்படி சென்டர் உயரத்துக்கு வைப்பது என்று அவனுக்குப் புரியவைக்கச் சொல்லட்டும், தமிழிலேயே. எங்கள் பிரிவில் பாதிப் பேர் அதைக் கற்றுக்கொண்டதே, பேசத் தெரியாதவன் என்று அன்றைக்குத் தள்ளப்பட்ட என் நண்பனிடம்தான்.

நான் வேலையை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அந்த அளவு தியாகியும் இல்லை. உம்மா கழற்றிக் கொடுத்த வளையல் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு வரும் கம்பெனிகள் செமினார் ஹாலுக்குப் போகும் முன் அரை மணி நேரம் ஒர்க்‌ஷாப்புக்கு வர வேண்டும் என்று கேட்கச் சொல்லி, பேரவை சார்பில் முதல்வரிடம் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். மேசை மேல் இருக்கிறது. தம்பிகள் விடாமல் போய் ஞாபகப்படுத்துங்கள்.

இந்தக் கட்டுரையை நண்பனிடம் காட்டினேன். எங்கள் ப்ராஜெக்ட், வல்லத்தைக் கரையேற்றும் கை வின்ச், பக்கத்தில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. அதைச் செய்தவன் அவன். வைவாவில் அதைப் பற்றிப் பேசப்போகிறவன் நான். முழுவதும் படித்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தான்.

"எல்லாம் சரிடா. அந்தச் சின்னப் பல்சக்கரம் இன்னும் சத்தம் போடுது. ராவணும். நீ ராவுறியா, இல்ல நானே ராவட்டுமா?"

அரத்தை நான் வாங்கிக்கொண்டேன்.